முதலிடம் வாங்கித் தருகிறோம் என்று வந்தவர்கள்

கடைகளில் "ஆன்லைன் பார்க்கிற" வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன். நீங்கள் கல்லூரி வரை போனவர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கம்ப்யூட்டரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் என்றாவது ஒருநாள் உங்கள் மேசைக்கு எதிரே ஒருவர் வந்து உட்கார்ந்து, நெட்டில் தேடினால் உங்கள் கடைதான் முதலில் வரும்படி செய்கிறேன் என்று சொல்வார். கட்டாயம் சொல்வார். அவரை நம்பலாமா கூடாதா என்பதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. அந்த அனுபவத்துக்காக நாங்கள் அடித்த கூத்தை நினைத்தால் சாப்பாட்டின் நடுவில் இன்றைக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது. புரையேறிவிட்டது என்று வீட்டில் தலையில் தட்டுகிறார்கள். முதுகுவலி வந்து வேலையை விட்டு நின்றுவிட்ட எனக்கு இப்போது அதுதான் உடற்பயிற்சி.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் லைன் பார்த்தவன் நான். எங்கள் முதலாளிக்காக முள்ளிப்பட்டில் வீடு வீடாகத் தறி ஓடும். நெய்து வரும் சேலைகளில் மாதிரிக்குச் சிலவற்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தவாசி, சேத்துப்பட்டு என்று பஸ் ஏறிப் போய், அங்குள்ள ஜவுளிக்கடைகளில் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். இதற்கு வேண்டியது வாய். எனக்கு அது இல்லை. தெரியாத ஆளின் முகத்தைப் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும்.

தொண்ணூறுகளில் ஒருமுறை வந்தவாசியில் ஒரு பெரிய கடைக்குள் போய், கல்லாவில் இருந்தவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசித்தபடி ஓரமாக உட்கார்ந்தேன். அங்கே ஒரு கல்யாணக் கூட்டம் சேலை எடுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்று நினைத்துப் பெண் வீட்டார் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். பெண் வீட்டுக்காரன் என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் முகூர்த்தச் சேலைக்கு எந்த நிறம் எடுக்கலாம் என்று என்னையே கேட்டார்கள். அரக்கு நிறச் சேலையைக் கை காட்டினேன். அதையே எடுத்தார்கள். பையைத் திறக்காமலே பஸ் பிடித்து ஊர் திரும்பினேன்.

"இன்னாடா ஏகாம்பரம், வந்தவாசியில எதுனா வித்துதா?" என்றார் முதலாளி.

"ஒரு முகூர்த்தச் சேலை போச்சுங்க" என்றேன். எந்தக் கடைச் சேலை என்று சொல்லவில்லை.

இப்படியே வருடங்கள் ஓடின. இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து முதலாளி வீட்டுக்கு மருமகளாக வந்தார் சுமதி. கம்ப்யூட்டர் படித்தவர். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவர் கடைக்கு ஒரு வெப்சைட் போட்டு, சேலைகளைப் படம் பிடித்து ஏற்றி, எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பெட்டிக்குள் எங்கள் சேலைகள் இருந்தன, விவரம் இருந்தது, போன் நம்பர் இருந்தது. யாரும் யாரிடமும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பேசாமலே விற்கும் ஒரு கடை! எனக்காகவே யாரோ கண்டுபிடித்ததுபோல இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று சுமதி சொன்னதும், வாழ்க்கையில் முதல்முறையாக நானாகக் கையைத் தூக்கினேன்.

முதலாளி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "ஆரணிப் பட்டுன்னு தட்டு, நம்ம கடை எங்க வருதுன்னு பாப்போம்" என்றார். சுமதி தட்டினார். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தோம். எங்கள் கடை வரவே இல்லை.

"ஊரு பேரைப் போட்டா ஊரே வருது. நம்ம மட்டும் வரலையே? நாம இன்னா ஊரை விட்டு ஓடிட்டமா?" என்றார்.

"முன்னாடி வரவைக்கறதுக்குன்னே கம்பெனிங்க இருக்குது மாமா. எஸ்.இ.ஓ.ன்னு சொல்லுவாங்க."

"அப்ப ஆளைக் கூப்புடு. ஆனா ஒண்ணு. தை பொறக்கறதுக்குள்ள மூஞ்சி தெரியாத ஆளு ஒருத்தர், ஒரே ஒருத்தர், இதைப் பார்த்துட்டு நம்மகிட்ட சேலை வாங்கணும். வாங்கலைன்னா பொட்டியை மூடிடுவேன். ஏகாம்பரம் பையைத் தூக்கிக்கினு சேத்துப்பட்டு பஸ் ஏறிடணும்."

அப்போது ஆடி மாதம். எனக்கு வியர்த்தது வெயிலால் அல்ல.

முதலில் வந்தவர் சென்னைக்காரர். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். "ஃபர்ஸ்ட் பிளேஸ் சார். கேரண்டி. எழுதியே தரேன். எந்த வார்த்தையைத் தேடினா நீங்க மொதல்ல வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். முதலாளிக்கு ஒரே குஷி. நாங்கள் எல்லோரும் கூடி உட்கார்ந்து யோசித்தோம். கடையில் எது நன்றாக ஓடுகிறது? ஹாஃப் ஃபைன் செல்ஃப் புட்டா ரிச் முந்தி. ஹாஃப் ஃபைன் என்பது ஜரிகையில் ஒரு தரம், மீதி புட்டாவும் முந்தியும் எப்படி என்பது. தறிக்காரரிடமும் மொத்த வியாபாரிகளிடமும் காலை முதல் மாலை வரை நாங்கள் பேசுகிற பேச்சு அதுதான். "அதைப் போடுங்க" என்றார் முதலாளி. டை கட்டியவர் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சொன்னபடி செய்தும் விட்டார். கொஞ்ச நாளில் அந்த வார்த்தைகளைத் தட்டினால் எங்கள் கடைதான் முதல் இடம். உலகத்திலேயே முதல்! முதலாளி ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வரவழைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தார். தபால்காரரை உட்காரவைத்துக் காட்டினார். ஆட்டோக்காரரை நிறுத்திக் காட்டினார். சுமதி மட்டும் பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, கல்யாணத்துக்குச் சேலை தேடற அம்மா ஹாஃப் ஃபைன்னு டைப் பண்ணுவாங்களா?" என்று கேட்டார். நாங்கள் ஆளுக்கு இன்னொரு பேடா எடுத்துக்கொண்டோம்.

போன் அடித்தது. முதலாளி பாய்ந்து எடுத்தார்.

"ஹலோ, டில்லி பார்ட்டி" என்றது கரகரத்த குரல். "ஹாஃப் ஃபைன், கித்னா?"

முதலாளிக்குத் தெரிந்த இந்தி நாலு சொல். "அச்சா! பஹுத் அச்சா! ஆப்கோ கித்னா?" என்று எழுந்து நின்றார். ஸ்பீக்கரை வேறு போட்டுவிட்டார். எதிர்முனை, மொத்த விலை வேண்டும், கடைசி விலை வேண்டும் என்று இந்தியும் தமிழும் கலந்து குடைந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதே ஹாரன் போனுக்குள்ளும் அடித்தது.

முதலாளி கார்ட்லெஸ் போனைக் காதில் வைத்தபடியே வாசலுக்கு நடந்தார். நாங்களும் பின்னால் போனோம். எதிர் வரிசையில் பட்டுக்கடை வைத்திருக்கும் நாகராஜன் தம் வாசலில் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.

"டில்லியில வெயிலு எப்படிங்க கீது?" என்றார் எங்கள் முதலாளி.

"உங்க ஊரு மாதிரிதாங்க கீது" என்றார் நாகராஜன்.

பிறகு தெருவைக் கடந்து வந்து எங்கள் கடையிலேயே டீ குடித்தார். மிச்சமிருந்த பேடாவையும் தின்றார். அதற்கப்புறம் வந்த அழைப்புகளும் இதே ரகம்தான். பக்கத்துத் தெரு, அடுத்த தெரு, ஊர்க் கோடி. எங்கள் தொழிலில் இருக்கிறவர்கள் மட்டுமே தேடுகிற வார்த்தைக்கு நாங்கள் உலக முதலிடம் வாங்கியிருந்தோம். முதலிடம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வார்த்தையை யார் தேடுவார்கள் என்று அவரே உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவருக்கு முதலிடம் வாங்குவது மிகவும் சுலபம். அங்கே போட்டிக்கு வேறு ஆளே இல்லை.

இரண்டாவது ஆள் நேரில் வரவே இல்லை. குரல் மட்டும்தான். பேச்சில் அத்தனை வேகம். "கூட்டம் கொண்டாரது என் வேலை சார். எப்படின்னு கேக்காதீங்க, அது எங்க சீக்ரெட்" என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ உறுத்தியது. ஆனால் முதலாளிக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஏன் என்றால் எங்கள் தொழிலில் நூலுக்குச் சாயம் போடுகிறவர், எதை எவ்வளவு கலக்கிறார் என்று சொல்லவே மாட்டார். தொட்டிப் பக்கம் போனால் துரத்திவிடுவார். எவ்வளவு துரத்துகிறாரோ அவ்வளவு கெட்டிக்காரர் என்று பெயர். "சீக்ரெட் வெச்சிருக்கறவன்தான்டா வேலை தெரிஞ்சவன்" என்று சொல்லிவிட்டார் முதலாளி.

வெப்சைட்டின் அடியில் எத்தனை பேர் வந்தார்கள் என்று காட்டும் ஒரு எண் பெட்டி இருந்தது. அதுவரை அது தூங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆள் வேலையை ஆரம்பித்ததும் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடத் தொடங்கியது. முதலாளி கல்லாவை விட்டுவிட்டு அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எண் ஏற ஏறத் தொடையில் தட்டினார். சேலை வாங்க வந்தவர்களும் பின்னால் நின்று, கிரிக்கெட் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். "இன்னும் கொஞ்சம்! இன்னும் கொஞ்சம்! போட்டான் பாரு!" என்று சத்தம். நானும் கத்தினேன். கடையில் நான் கத்தி யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

போனும் அடித்தது. சுமதி இல்லாத நேரம், நான்தான் எடுத்தேன். ஒரு பெரியவர், அரக்கோணத்திலிருந்து காலை ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார். இது சேலைக்கடை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று அவர் நம்பரை வாங்கிக்கொண்டு, ஒரு டிராவல்ஸ் கடைக்கு நடந்து போய்க் கேட்டுவந்து, திரும்ப அழைத்துச் சொன்னேன். அவர் என்னை மனமார வாழ்த்தினார். அடுத்து ஒரு அம்மா கடக ராசிக்கு இந்த வாரம் எப்படி இருக்கும் என்று கேட்டார். நன்றாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

சுமதி வந்ததும் தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அவர் எங்கள் பக்கத்தைத் திறந்து, அடியில் வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மவுஸை வைத்து இழுத்தார். வெள்ளைக்குள்ளிருந்து வரிவரியாக எழுத்துகள் எழுந்து வந்தன. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து. கண்ணுக்குத் தெரியாது, தேடுகிற இயந்திரத்துக்கு மட்டும் தெரியும். ரயில் நேரம், ராசிபலன், நடிகை கல்யாணம், கிரிக்கெட் ஸ்கோர், மூட்டுவலி மருந்து.

முதலாளி ஒவ்வொன்றாகப் படித்தார். "நாம எப்ப சுமதி மூட்டுவலிக்கு மருந்து வித்தோம்?"

சாயக்காரரின் ரகசியம் அவர் தொட்டிக்குள் இருக்கிறது. இந்த ஆளின் ரகசியம் எங்கள் கடைச் சுவரில் எழுதப்பட்டிருந்தது. சிக்கினால் சிக்குவது நாங்கள்தான். சிக்கினோம். சில நாட்களில் எண் பெட்டி படுத்துவிட்டது. ஆரணிப் பட்டு என்று தேடினாலும் நாங்கள் இல்லை. எங்கள் கடைப் பெயரை முழுதாக எழுதித் தேடினாலும் இல்லை. தேடுபொறிக்காரர்கள் எங்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள் என்றார் சுமதி.

அப்போது கார்த்திகை பிறந்துவிட்டது.

அந்தக் குரல்காரர் தாமாகவே போன் செய்தார். "ஒண்ணும் கவலை இல்ல சார். இதைவிடப் பெரிய வேலை ஒண்ணு இருக்குது. செஞ்சா ஜல்தியா மேல வந்துடலாம். இப்பவே சொல்லுங்க. உங்க பாஸ்வேர்டு, வெப்சைட் பேரு எல்லாத்தையும் எங்க பேருக்கு மாத்திக் குடுத்துடுங்க, அதான் சேஃப்டி."

முதலாளி ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் ஆசையில் மின்னியது. தைக்கு முன்னால் எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கும் வெறி வந்திருந்தது. எண் பெட்டி ஓடினதைப் பார்த்தவர் அல்லவா. எனக்கும் ஆசைதான். வேறு வழியில் மேலே வர நாள் இல்லை, இவர் ஒருவர்தான் ஜல்தி என்கிறார், வேண்டாம் என்றால் பை என் தோளில். ஆனால் இந்த ஆள் இரண்டு முறையும் எங்களைக் கேட்டது ஒன்றுதான்: நான் செய்வதைப் பார்க்காதே.

"வேணாங்க மொதலாளி" என்றேன்.

கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி போனைக் கையால் மூடிக்கொண்டு, "யாருடா பேசனது? நீயா?" என்றார்.

"நாந்தாங்க. வேணாங்க."

"ஏண்டா?"

நான் சுமதியைப் பார்த்தேன். சுமதிதான் காப்பாற்றினார். "மாமா, முள்ளிப்பட்டுல புதுசா ஒரு தறிக்காரரைப் பிடிக்கும்போது நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"போய்ப் பாப்பேன்."

"சொல்லிட்டா போவீங்க?"

"சொல்லிட்டுப் போனா கட்டில் மேல எவனோ நெய்ஞ்ச சேலையை விரிச்சு வெச்சிருப்பான். சொல்லாம போவணும். தறியில பாதியில நிக்கிற சேலையைப் பாக்கணும். முன்னாடி யாருக்கு நெய்ஞ்சான், ஏன் விட்டான்னு அவங்களையே கேக்கணும். எல்லாம் சரியா இருந்தாலும் மொதல்ல ஜரிகையே குடுக்கமாட்டேன். ஒரு சாதாப் பாவு நூலு குடுத்து நெய்யவெச்சுப் பாப்பேன்."

"ஒரு சேலைக்கு இவ்வளவு பாக்கறீங்க. கடையையே குடுக்கறதுக்கு ஒரு போன் போதுமா?"

முதலாளி போனிலிருந்து கையை எடுத்து, "ராங் நம்பருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வெப்சைட்டின் பெயரை ஆரம்பத்திலேயே சுமதி தம் பெயரில்தான் பதிவு செய்திருந்தார். அன்றைக்கே பாஸ்வேர்டுகளையும் மாற்றினார். இது ஒன்றை மட்டுமாவது மறக்காதீர்கள். வேலை செய்ய வருகிறவருக்கு உள்ளே வர வழி கொடுக்கலாம், வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கக் கூடாது.

பிறகு விசாரித்தோம். வேலூரில் நஸ்ரின் என்று ஒரு பெண், ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து இந்த வேலை செய்வதாகக் கேள்விப்பட்டு, நானும் சுமதியும் முதலாளியும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனோம். அவர் யாரோ ஒரு செருப்புக் கடையின் பக்கத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். நாங்கள் யார், எப்படிச் சிக்கினோம் என்று சொன்னதும் திரையை அணைக்கவில்லை. எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "பாருங்க. இது நேத்து இப்படி இருந்தது, இன்னிக்கி இப்படி மாத்திகினு இருக்கேன்" என்று காட்டினார். முதலாளி என்னைக் கிள்ளினார். பாதியில் நிற்கிற சேலை!

"தைக்குள்ள மொத எடம் வருமாம்மா?"

"மொத எடம் என் கையில இல்லீங்க. யாரு கையிலயும் இல்ல. யாராவது எழுதிக் குடுத்தா ஓடிடுங்க."

"தைக்குள்ள தேடினா நாங்க இருக்கவாவது இருப்போமா?"

"சொல்லமுடியாதுங்க. உங்க பக்கத்துல கீற குப்பையை எடுக்கணும். எடுத்துட்டு, எடுத்துட்டோம்னு தேடுபொறிக்காரங்களுக்கு எழுதிப் போடணும். அப்பால அவங்க இஷ்டம்."

"அப்ப உன்கிட்ட இன்னாதான்மா கீது?"

"இன்னா பண்ணேன்னு வாராவாரம் காட்டுவேன். புரியலைன்னா புரியற வரைக்கும் சொல்லுவேன். பெரியவரே, உங்களுக்கு ஒரு வாரத்துக்குள்ள புரிஞ்சுடும், பயப்படாதீங்க."

முதலாளி சிரித்துவிட்டார். யாருக்கெல்லாம் வேலை செய்திருக்கிறீர்கள் என்று சுமதி கேட்டார். நஸ்ரின் சில நம்பர்களைச் சொல்லிவிட்டு, "இன்னொருத்தரையும் கேளுங்க. ஒரு பர்னிச்சர் கடைக்காரரு. அவரு என்னை விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார்.

வெளியே வந்து டீக்கடை வாசலில் நின்று சுமதி முதலில் அவருக்குத்தான் போன் போட்டார். பர்னிச்சர் கடைக்காரர் கொதித்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாவா? ஐயோ, பேஜாருங்க! ஒரு பொய் சொல்லத் தெரியாது. மொத எடம்னு எழுதிக் குடும்மான்னா குடுக்காது. என் கட்டில் நல்லாருக்குன்னு நாலு பேரு பேருல நீயே எழுதும்மான்னா எழுதாது. நான் கேட்டது எதையுமே செய்யலீங்க! அதான் விட்டுட்டேன்."

"ரொம்ப தாங்க்ஸ்ங்க" என்று சொல்லிவிட்டுச் சுமதி போனை வைத்தார். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்து அந்த டீக்கடை வாசலில் சிரித்த சிரிப்பில் முதலாளியின் டீ பாதி கீழே போயிற்று. இதைவிட நல்ல சிபாரிசு எனக்குத் தெரிந்து யாருக்கும் கிடைத்ததில்லை. தம்பி தங்கைகளே, மெச்சுகிறவர்களின் நம்பரை எல்லோரும் தருவார்கள். கோபித்துக்கொண்டு போனவரின் நம்பரைத் தருகிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நஸ்ரினுக்கு முதலில் ஒரு சாதாப் பாவுதான் கொடுத்தோம். அதாவது, குப்பையை மட்டும் எடுக்கச் சொன்னோம். அதை எடுத்து, எடுத்ததைக் காட்டிய பிறகுதான் மீதி வேலை. அவர் ஆரணிக்கு வந்து கடையில் உட்கார்ந்து, "உள்ள வர்றவங்க வாயைத் தொறந்ததும் இன்னா கேப்பாங்க?" என்று எல்லோரையும் கேட்டார். சாயம் போகுமா, முதல்முறை எப்படித் துவைப்பது, மடிப்பில் கிழியுமா, இது நிஜமாகவே பட்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஆளுக்கொன்று சொன்னோம். அதற்கெல்லாம் பதில்களை நம் வாயால் சொல்வதுபோலவே எழுதுங்கள், தேடுகிறவர்கள் அதைத்தான் தேடுவார்கள் என்றார். முதலாளி சொல்லச் சொல்லச் சுமதி எழுதினார். எது செய்தால் சேலை கெட்டுப்போகும் என்பதை எழுதும்போது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம சேலை கெட்டுப்போவும்னு நாமளே எழுதறதா?" என்றார். "கெட்டுப்போவுமா போவாதா?" என்றார் நஸ்ரின். "போவும்" என்றார் முதலாளி. "அப்ப எழுதுங்க."

மார்கழி முழுக்கக் காத்திருந்தோம். கடைப் பெயரைத் தேடினால் மெல்ல மறுபடி வந்தது. எண் பெட்டி அரக்கப் பரக்க ஓடவில்லை. சைக்கிளில் போகிற வாத்தியார் மாதிரி நிதானமாகப் போயிற்று. வாரக் கடைசியில் நஸ்ரின் போன் செய்து, என்ன செய்தேன், எது பலிக்கவில்லை என்று சொல்வார். முதலாளி இப்போது கேள்வி கேட்பதில் தேறிவிட்டிருந்தார். ஆனால் மூஞ்சி தெரியாத ஆள் யாரும் சேலை வாங்கவில்லை.

போகி வந்துவிட்டது. தெருவெங்கும் புகை, மேளம். முதலாளி கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஏகாம்பரம், அந்தப் பொட்டியையும் கொண்டாந்து நெருப்புல போட்டுடலாமா?" என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே என் பழைய பையைத் தூசி தட்டி வைத்திருந்தார்கள். நாளை தை.

அவர் தெருக்கோடிக்கு மேளம் பார்க்கப் போனார். சுமதி வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கடையில் நான் மட்டும்.

போன் அடித்தது.

வெளியூர் நம்பர். அடிக்கட்டும், சுமதி வந்து திரும்பக் கூப்பிடட்டும் என்று கைகட்டி நின்றேன். அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு பக்கம் இந்தப் போன். மறுபக்கம் வந்தவாசி, சேத்துப்பட்டு, ஊர் ஊராகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முகங்கள். பேசித்தான் தீர வேண்டும் என்றால் முகம் தெரியாதவரோடு பேசுவது மேல். எடுத்தேன்.

"நாக்பூர்லேர்ந்து பேசறேன்" என்றது ஒரு பெண் குரல், நல்ல தமிழில். "பட்டுச்சேலையைத் துவைக்கறதைப் பத்திப் போட்டிருந்தீங்களே, படிச்சேன். எல்லாரும் அவங்கவங்க சேலைதான் ஒசத்தின்னு எழுதறாங்க. நீங்க மட்டும்தான் எப்படிப் பண்ணா கெட்டுப்போகும்னு எழுதியிருந்தீங்க. பொண்ணுக்கு மாசியில கல்யாணம். எனக்குச் சில சந்தேகம் இருக்கு, கேக்கலாமா?"

"கேளுங்கம்மா" என்றேன். என் குரல்தான்.

அவர் கேட்டார். நான் சொன்னேன். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். பெண் மாநிறம் என்றார். அப்படியென்றால் இலைப்பச்சை வேண்டாம், மயில்கழுத்து எடுங்கள் என்றேன். கனம் தாங்காது என்றார். கனம் குறைவாக நெய்வதில்தான் எங்கள் ஊருக்கே பேர் என்றேன். முதலாளி சட்டையெல்லாம் சாம்பலோடு உள்ளே வந்து, நான் பேசுவதைப் பார்த்து அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "யாருடா?" என்று வாயசைத்தார். சும்மா இருங்கள் என்று அவருக்கு நான் கை காட்டினேன். முதலாளிக்கு! அவரும் சும்மா இருந்தார். சுமதி கையில் கோலமாவோடு ஓடிவந்து பெட்டியில் சேலைப் படங்களைத் திறந்துவைத்தார். மகளுக்கு ஒன்று, தமக்கு ஒன்று, சம்பந்தியம்மாவுக்கு ஒன்று என்று அந்த அம்மா சேலைகளை உறுதி செய்துவிட்டு, "ரொம்பப் பொறுமையாப் பேசனீங்க" என்று சொல்லி வைத்தார்.

"மூஞ்சி தெரியாத ஆளா?" என்றார் முதலாளி.

"நாக்பூருங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

அவர் தெருவில் இறங்கி மேளத்துக்கு ஆடத் தொடங்கினார். எதிர்க் கடையிலிருந்து நாகராஜன் எட்டிப் பார்த்து, விஷயம் தெரியாமலே சேர்ந்து ஆடினார். சுமதி நஸ்ரினுக்குப் போன் போட்டு மேளச் சத்தத்தைக் கேட்கவைத்தார். ஆடி முடித்து மூச்சு வாங்க உள்ளே வந்த முதலாளி, "பையை இனிமே தூக்க வேணாம்டா. நீ இங்கியே இரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனி எந்தக் கடையிலும் போய் நிற்க வேண்டியதில்லை. யாரோடும் பேச வேண்டியதில்லை.

போன் மறுபடி அடித்தது.

நான் முதலாளியைப் பார்த்தேன். முதலாளி சுமதியைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

"வணக்கங்க, ஆரணியிலேர்ந்து பேசறோம்" என்றேன்.

எதிர்முனையில் ஒரு பெரியவர் நிதானமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, தம் பேத்தியின் கல்யாணக் கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.